இதயம் நின்று மீண்டவருக்கு உயர் அழுத்த ஆக்ஸிஜன் சிகிச்சை: கேள்வி பதில்

கேள்வி: இதயத்துடிப்பு நின்று, சிபிஆர் (மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவி) கொடுத்து மீட்கப்பட்ட என் அப்பாவுக்கு இரண்டு மாதங்களாகியும் நினைவாற்றல் சரியாகத் திரும்பவில்லை. அழுத்த அறையில் ஆக்ஸிஜன் கொடுத்தால் மூளை தேறும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: சிகிச்சை பொய்யன்று, ஆனால் தங்கள் தந்தையாரின் நிலைக்கு அது உதவும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. மூடிய அறையில், இயல்பான காற்றழுத்தத்தைப் போல் 2 முதல் 3 மடங்கு அழுத்தத்தில், தூய ஆக்ஸிஜனைச் சுவாசிக்க வைப்பதே இச்சிகிச்சை. சாதாரணமாக 100 மி.லி. ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் ஏறத்தாழ 0.3 மி.லி. மட்டுமே, மற்றதெல்லாம் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபினில் ஏறிப் பயணிக்கிறது. 3 மடங்கு அழுத்தத்தில் கரைந்த அளவு சுமார் 6 மி.லி. ஆகிவிடும். சிவப்பணுக்கள் அநேகமாக முழுவதும் நீக்கப்பட்ட பன்றிகளை ஆம்ஸ்டர்டாம் அறுவை மருத்துவர் பூரேமா 1960 வாக்கில் உயிரோடு வைத்துக் காட்டியது இதன் பலத்தால்தான். எனினும் தங்கள் தந்தையாரின் மூளை பாதிக்கப்பட்டது ரத்தம் ஓடாத அந்தச் சில நிமிடங்களிலும், ஓட்டம் திரும்பியபின் தொடர்ந்த வேதி மாற்றங்களிலும். இன்று அவர் ரத்தத்தில் ஆக்ஸிஜனுக்குக் குறைவு இருக்க வாய்ப்பில்லை, மடிந்த நரம்பணுக்களும் திரும்புவதில்லை.

கேள்வி: அப்படியானால் ஐசியூவில் இருந்த முதல் நாளே கொடுத்திருக்கலாமா?

பதில்: அந்த நேரத்தில் மிகை ஆக்ஸிஜனே ஊறு செய்யக்கூடும் என்ற ஐயம் உண்டு. அமெரிக்க ஐசியூக்களின் பதிவுகளை ஆராய்ந்து 2010 இல் வெளியான ஆய்வில், ரத்தத்தில் ஆக்ஸிஜன் மிக அதிகமாக இருந்தவர்களிடையே இறப்பு கூடுதலாகக் காணப்பட்டது. காரணம் அதுவே என்று அது நிறுவவில்லை. ஐரோப்பாவின் 2021 வழிகாட்டுதல் ரத்தத்தில் ஆக்ஸிஜன் செறிவு 94 முதல் 98 சதவீதம் இருந்தாலே போதும் என்கிறது.

கேள்வி: என் கணவருக்கு ஐசிடி கருவி (இதயத்துடிப்பு ஆபத்தாகத் தடுமாறினால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்குவது) பொருத்தியிருக்கிறார்கள். அறைக்குள் போகலாமா?

பதில்: அக்கருவி எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதை அதன் தயாரிப்பாளரிடம் கேட்டறியாமல் கூடாது. அதைவிட முக்கியம், சிபிஆரின்போது விலா எலும்பு முறிந்து நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருக்கிறதா என்பது. சேர்ந்திருந்தால் அதை அகற்றும்வரை அறை அறவே ஆகாது. இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறன் மிகக் குறைந்தவர்களுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

கேள்வி: புகையில் மூச்சுத்திணறி என் தம்பியின் இதயம் நின்றது. அவனுக்கும் இதே பதிலா?

பதில்: இல்லை. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவால் ஏறும் நஞ்சு இச்சிகிச்சைக்கு ஏற்கப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆனால் அது நஞ்சேறிய முதல் சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டியது. மாதங்கள் கழித்து அன்று.

கேள்வி: 40 அமர்வுகளுக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார்கள், ஐயா.

பதில்: கட்டுவதற்கு முன் நரம்பியல் மருத்துவரிடம் நினைவாற்றல் சோதனை செய்துகொள்ளுங்கள். அந்தப் பணத்தில் பேச்சுப் பயிற்சியும் இயன்முறைப் பயிற்சியும் எத்தனை மாதங்களுக்கு வரும் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள்.