ஏரி, வாய்க்கால், கரைப் பனை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கத்து ஏரிகளை ஊர்க்காரர்களோடு சேர்ந்து சரிசெய்யும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்தது ஏரி, வாய்க்கால், கரை. அதைத் தாண்டிக் கேட்டால், யாரிடம் போக வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

கேள்வி (வேலந்தாவளம்): அண்ணா, ஊர் ஏரியைத் தூர்வாரப் பசங்க சேர்ந்து பணம் திரட்டிவிட்டோம். எவ்வளவு ஆழம் எடுக்கலாம்?

பதில்: ஜேசிபியை இப்போது கூப்பிடாதீர்கள் தம்பி. நல்ல மழை பெய்யும்போது வரத்து வாய்க்கால் ஓரமாக மேட்டுக்காடு வரைக்கும் நடந்து பாருங்கள். நம்முடையது மழை மறைவுப் பகுதி. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வருகிற அளவுக்கு மழை வராது. பெய்கிற கொஞ்சமும் வாய்க்கால் வழியாக வந்து சேர்ந்தால்தான் ஏரி நிறையும். தோப்புக்கு லாரி போவதற்காக வாய்க்காலை மூடிப் பாதை போட்டு, அடியில் ஒரு சின்னக் குழாயைப் புதைத்திருப்பார்கள். தென்னமட்டையும் பிளாஸ்டிக் பையும் அதில் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் பக்கத்துக் காட்டில் பாய்ந்து வீணாகும். குழாயை எடுத்துவிட்டு அகலமான சிறுபாலம் கட்டிக் கொடுங்கள், தோப்புக்காரரும் ஒத்துவருவார். வாய்க்கால் செத்துப்போன ஏரியை எவ்வளவு தோண்டினாலும் அது வெறும் பள்ளம்தான்.

அப்புறம்தான் ஆழம். நாலைந்து இடத்தில் ஆள் விட்டுச் சோதனைக்குழி வெட்டுங்கள். குழியின் பக்கச் சுவரைக் கவனியுங்கள். மேலே வேரும் நத்தை ஓடும் கலந்து பொலபொலவென்று இருப்பது வண்டல். அதற்குக் கீழே நிறம் மாறி, மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வரும் களி. ஈரத்தோடு எடுத்து உள்ளங்கையில் உருட்டினால் ஒடியாமல் கயிறு மாதிரி நீளும். தண்ணீரைப் பிடித்து வைப்பது அந்தக் களிதான். அங்கேயே நிறுத்திவிடுங்கள். மண் விற்கிற ஆசையில் அதையும் வெட்டினால் தேங்கிய தண்ணீர் மளமளவென்று கீழே இறங்கிவிடும். களியைத் தொடாதீர்கள்.

கேள்வி (நல்லேப்பிள்ளி): ஆழியாற்றுத் தண்ணீர் வரும்போது இந்தப் பாடெல்லாம் எதற்கு?

பதில்: தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. மணக்கடவு என்ற இடத்தில் நம் சித்தூர்ப்புழை ஆற்றுக்குத் தமிழ்நாடு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தர வேண்டும் என்பது கணக்கு. கால்வாய் எட்டாத மானாவாரி ஏரிக்கு அதில் பங்கில்லை. தண்ணீர் திறக்கும் தேதியை நீர்ப்பாசன அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி (எருத்தேம்பதி): வாய்க்காலை மடக்கி வைத்திருப்பவர் செல்வாக்குள்ளவர். நாங்கள் மகளிர் குழுதான். என்ன செய்ய முடியும்?

பதில்: நிறையச் செய்ய முடியும் அக்கா. முதலில் வில்லேஜ் ஆபீசில் சர்வே படம் வாங்கி, வாய்க்கால் புறம்போக்கு எங்கே ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். புறம்போக்கு ஆக்கிரமிப்பு என்றால் 1957ஆம் ஆண்டு கேரள நிலப் பாதுகாப்புச் சட்டப்படி மனு கொடுங்கள். வயலையோ சதுப்பையோ மண் போட்டு நிரப்புகிறார்கள் என்றால் அது 2008ஆம் ஆண்டுக் கேரள நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும். அதற்குப் பஞ்சாயத்து அளவில் ஒரு கண்காணிப்புக் குழு உண்டு. பஞ்சாயத்துத் தலைவர்தான் அதற்கும் தலைவர், கிருஷி ஆபீசர் (வேளாண் அலுவலர்) கன்வீனர். மனுவை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒருவர் மட்டும் போகாதீர்கள்.

பெரிய ஆள் என்று தயங்க வேண்டாம். நம் பக்கத்துப் பிளாச்சிமடையில் கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று 2002 ஏப்ரல் 22 அன்று குளிர்பான ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. இரவாளர் சமூகத்து மயிலம்மாதான் அதன் முகம். அவரோடு ஆதிவாசிப் பெண்கள் நாள் கணக்குப் பார்க்காமல் உட்கார்ந்தார்கள். பெருமாட்டிப் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. நஷ்ட ஈடு இன்றுவரை கைக்கு வரவில்லை, அது எனக்குத் தீராத வருத்தம். ஆனால் தண்ணீர் உறிஞ்சுவது நின்றது அந்தப் பெண்களால்தான்.

கேள்வி (கோபாலபுரம்): கரையில் நட இலவச மரக்கன்று எங்கே கிடைக்கும்?

பதில்: கரைக்குக் கன்று வேண்டாம், பனங்கொட்டை போடுங்கள். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது புதுக் கொட்டையாகப் பொறுக்கி, ஒரு அடிக் குழியில் பத்தடிக்கு ஒன்று. முளை முதலில் நேராகக் கீழே இறங்கிக் கிழங்காகும். ஓலை வெளியே தலைகாட்ட மாதக்கணக்காகும். அதற்குள் முளைக்கவில்லை என்று கிளறிவிடுகிறார்கள். பெயர்த்து நட்டால் பிழைப்பதும் அபூர்வம்.

மறுப்பு (ஓய்வுபெற்ற ஓவர்சியர், சித்தூர்): மண் கரையில் எந்த மரமும் கூடாது. மரம் செத்தால் வேர் மக்கி ஓட்டை விழும், அந்த வழியாக நீர் கசிந்து கரை உடையும். இப்படி ஆலோசனை சொல்லாதீர்கள்.

பதில்: ஐயா சொல்வது ஆலுக்கும் வாகைக்கும் முழுக்க உண்மை. பனைக்கு ஆணிவேர் நிலைப்பதில்லை. சல்லிவேர்தான் கொத்தாக மண்ணைப் பிடிக்கிறது. நம் பழைய ஏரிக்கரைகளில் பனை வரிசையாக நிற்பது சும்மா இல்லை.

மறுப்பு (அவரே): பழைய கரைகள் உடைந்த கதையும் எனக்குத் தெரியும். புதர் மண்டினால் பன்றி, நண்டு வளையைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. மதகுப் பக்கம் வேர் போனால் யார் பொறுப்பு?

பதில்: மதகு விஷயத்தில் ஐயா சொல்வதுதான் சரி. மதகுக்கும், மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கலிங்குக்கும் பக்கத்தில் பனையும் வேண்டாம். தண்ணீர்ப் பக்கச் சரிவிலும் கரை உச்சியிலும் போடாமல், வெளிப்பக்க அடிவாரத்தோடு நிறுத்துங்கள். புதரை வருடாவருடம் வெட்டுங்கள். ஆனால் பனையே வேண்டாம் என்பதை நான் ஏற்கமாட்டேன். காற்று அடிக்கிற இந்தக் கணவாயில் வெயிலையும் வறட்சியையும் தாங்கி நிற்கும் மரம் வேறு எது?

கேள்வி (வாளையாறு): பனை வந்தால் கள்ளுக்கடையும் வருமே?

பதில்: கேரளத்தில் கள் இறக்க உரிமம் உண்டு, தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. அந்த வழக்கு இங்கே வேண்டாம்.

கேள்வி (மூன்று பேர்): வேம்புக் கன்று எங்கே கிடைக்கும்? புங்கன்? ஏரி நடுவில் குறுங்காடு வைக்கலாமா?

பதில்: கன்றுக்கு வனத்துறையின் சமூக வனப் பிரிவைக் கேளுங்கள். ஏரிக்குள் எதுவும் நடாதீர்கள். அது தண்ணீர் நிற்கும் இடம்.

கேள்வி (ஆனைமலை): எங்கள் பக்கம் வண்டல் எடுக்க அனுமதி யார் தருவார்கள்?

பதில்: தமிழ்நாட்டில் 2024 முதல் விவசாயிகளுக்கும் மண்பாண்டம் செய்பவர்களுக்கும் தாசில்தாரே தரலாம், இலவசம். நீங்கள் வண்டலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். களியைத் தொடாதீர்கள்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): ஏரிக்கரையெல்லாம் ஆப்பிரிக்க நத்தை. துரிசு (மயில்துத்தம்) அடிக்கலாமா?

பதில்: தண்ணீருக்குப் பக்கத்தில் துரிசு வேண்டவே வேண்டாம், மீன் செத்துவிடும். சாயங்காலம் ஈரச் சாக்கில் பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் தழையும் போட்டு வையுங்கள். நத்தை வந்து மொய்க்கும். விடிவதற்குள் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டுப் புதைத்துவிடுங்கள். கையுறை கட்டாயம், பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள். அது சுமக்கும் புழுவால் மூளைக்காய்ச்சல் வரும்.

கேள்வி (மீனாட்சிபுரம்): ஏரியில் ஆப்பிரிக்கக் கெளுத்தி விட்டால் பஞ்சாயத்துக்கு வருமானம் கிடைக்குமே?

பதில்: அந்த மீனை வளர்ப்பதற்கே 2000இல் தடை போட்டாயிற்று. நம் விரால் குஞ்சு, கெண்டை, தவளை எல்லாவற்றையும் தின்று தீர்க்கும். ஏற்கனவே விட்டிருந்தால், ஏரி வற்றும்போது கடைசிக் குட்டையில் வலை போடுங்கள். காற்றைச் சுவாசித்துச் சேற்றுக்குள்ளும் உயிரோடு கிடக்கும். அதனால் வலையோடு விடாமல் சேற்றையும் கையால் துழாவிப் பிடியுங்கள்.