முழங்கால் சத்தம் இருக்கட்டும், கணைக்காலைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: வயது 31. ஞாயிறுதோறும் அடிவாரத்திலிருந்து ஏற்காடு மலைப்பாதையில் ஓடி ஏறி, ஓடியே இறங்குகிறேன். ஒரு மாதமாக இடது கணைக்காலில் வலி. மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறேன். முழங்காலில் சொடக்குச் சத்தம் வேறு. எடைப் பயிற்சி நல்லது என்கிறார்கள், மூட்டு தேயும் என்றும் சொல்கிறார்கள். ஓட்டத்தையே விட்டுவிட வேண்டுமா?
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: விட வேண்டாம். ஆனால் இந்த ஞாயிறு ஓடாதீர்கள்.

முழங்காலுக்கும் பாதத்துக்கும் நடுவே முன்பக்கம் இருக்கும் கணைக்கால் எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழாக விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்தால், பெரும்பாலும் ஓட்டத்தைக் குறைத்தாலே அடங்கிவிடும். ஒரே புள்ளியில், விரல் நுனி பட்டதும் சுரீர் என்கிறதா? நடக்கும்போதும், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். உடனே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம்; அதை நம்பி மறுபடி ஓடத் தொடங்காதீர்கள், எம்.ஆர்.ஐ. தேவைப்படும். மாதவிலக்கு தள்ளிப்போனால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாத பெண்களுக்கு மாதவிலக்கும் நிற்கும், எலும்பும் வலுவிழக்கும்.

மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். வலி மரத்துப்போனால் விரிசலின் மேலேயே ஓடுவீர்கள். வேர்த்து நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

வலியும் வீக்கமும் இல்லாத முழங்கால் சத்தத்தை மறந்துவிடுங்கள். எடை தூக்கினால் மூட்டு தேயும் என்பது யூடியூப் கிளப்பிய பீதி.

இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே பிரேக் போடுகிறது. அது களைத்தால் அதிர்ச்சியை எலும்புதான் வாங்கும். ஆகவே, உடம்பை மெல்ல இறக்குவதைத் தசைக்குப் பழக்க வேண்டும்.

விரிசல் இல்லை என்று உறுதியான பிறகு தொடங்குங்கள். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரண்டு காலாலும் எழும்பி, ஒற்றைக் காலில் மூன்று எண்ணும்வரை குதிகாலை இறக்குங்கள். முழங்காலை நீட்டி 10, லேசாக மடக்கி 10. மடக்கிச் செய்வதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஓட்டத்தில் அதிகம் உழைக்கும் கெண்டைக்காலின் அடித்தசைக்கு அதுதான் பயிற்சி. அடுத்து, 15 செ.மீ. படியில் ஒற்றைக் காலில் நின்று, மறு குதிகால் தரையைத் தொடும்வரை இறங்குங்கள். முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் படி உயரம் அதிகம் என்று அர்த்தம்.

ஒவ்வொன்றும் மூன்று சுற்று, செவ்வாயும் வெள்ளியும் போதும். கடைசி இரண்டு தடவை சிரமப்படவில்லை என்றால் முதுகுப்பையில் 2 கிலோ அரிசியைப் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் அரிசியை எடுத்துவிடுங்கள்.

ஓட்டத்தைச் சமதரையில் தொடங்குங்கள். பிறகு மலையேறினாலும், முதல் சில வாரங்கள் இறங்குவதற்குப் பஸ் பிடியுங்கள்.