கேள்வி பதில்: ஓகேயூ எனப்படும் மாற்றுத்திறனாளி அட்டை, சக்கர நாற்காலி, கோயில் வாசல்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் பட்டணத்திலும் சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலும் இருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர், பிடிகே எனப்படும் சமூக மறுவாழ்வு நிலையம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற டீச்சர்.

மகனுக்கு ஒன்பது வயது. பேச்சு சரியாக வரவில்லை, சொன்னது புரியவும் நேரமாகிறது. பள்ளியில் சேர்க்கப் போனோம். "பிடிகேவுக்குக் கொண்டு போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். போகலாமா, டீச்சர்?

போகலாம் அம்மா, ஆனால் பள்ளியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். இரண்டும் வேறு வேறு. சிறப்புத் தேவையுள்ள பிள்ளை என்று சொல்லி யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 2019 முதல் கல்வி அமைச்சின் கொள்கை. வட்டாரத்தில் எந்தப் பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு இருக்கிறது என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். சில தமிழ்ப்பள்ளிகளிலும் அந்த வகுப்பு உண்டு. வாய்ப்பேச்சாக விடாமல் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பிடிகே நம் நாட்டில் 1984இல் திரங்கானு, பத்து ராக்கிட்டில் தொடங்கியது. தூரத்து மருத்துவமனைக்கு அலைய முடியாதவர்களுக்கு, வீட்டுக்கு அருகிலேயே பயிற்சி கிடைக்க வேண்டும், அதில் குடும்பமும் ஊரும் பங்கெடுக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. சமூக நல இலாகா உதவித்தொகை தருகிறது, நிலையத்தை நடத்துவதோ ஊர்ச் செயற்குழு. பெற்றோரும் அதில் உறுப்பினராகலாம். நம்மவர்கள் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு, "எல்லாம் மலாயில்தான் பேசுகிறார்கள்" என்று வீட்டில் வந்து குறைப்படுகிறார்கள். செயற்குழுக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். நான் இருந்த நிலையத்தில் ஒரு தாய் அப்படி வந்து உட்கார்ந்த பிறகுதான் சுவரில் தமிழ் எழுத்து அட்டை ஏறியது.

தோட்டத்தில், வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை இருந்த காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளை மற்றப் பிள்ளைகளோடுதான் புரண்டு வளர்ந்தான். பயிற்சி எதுவும் இல்லை, அடியும் கேலியும் உண்டு. அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் பெயர் தோட்ட வீட்டு வரிசையான லயத்தில் எல்லாருக்கும் தெரியும். தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்த பிறகு இரும்புக் கதவு பூட்டியே கிடக்கிறது, பக்கத்து வீட்டுக்காரருக்கே இப்படி ஒரு பிள்ளை இருப்பது தெரியவில்லை. தினமும் மாலையில் அவனைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். ஒரே கடை, ஒரே பொருள், காசை அவனே நீட்டட்டும். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நான் தரும் முதல் பாடம் இதுதான்.

ஓகேயூ அட்டை எப்படி எடுப்பது?

சமூக நல இலாகாவின் படிவத்தில் மருத்துவரின் சான்று வாங்கி, அடையாள அட்டை நகலும் படமும் சேர்த்து மாவட்ட அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். செலவு கிடையாது. கேள்திறன், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகை என்று ஏழு பிரிவுகள். எந்தப் பிரிவு என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

எனக்கு 47 வயது. செம்பனை வெட்டும் வேலை. இனிப்பு நீரால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேலையில் அடிபடாததால், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் ஒன்றும் கிடைக்காது என்று எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்கிறார். தம்பி இணையத்தில் சக்கர நாற்காலி வாங்கித் தருகிறேன் என்கிறான்.

மண்டோர் சொன்னது தவறு. சொக்சோவில் வேலை விபத்துக்கு ஒரு திட்டம், இயலாமைக்கு இன்னொரு திட்டம். இரண்டாவது, நோயால் உழைக்க முடியாமல் போனவருக்கும் உண்டு, அவர் அடிபட்டிருக்க வேண்டியதில்லை. சந்தா போதுமான மாதங்கள் கட்டப்பட்டிருக்க வேண்டும், மருத்துவக் குழு பார்க்கும். சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு நீங்களே நேரில் போங்கள். செயற்கைக் கால் பற்றியும் அங்கேயே கேளுங்கள். மலாக்காவில் சொக்சோவுக்கு மறுவாழ்வு மையமே இருக்கிறது.

தம்பியைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். அளவு எடுக்காமல் சக்கர நாற்காலி வாங்காதீர்கள். இருக்கை இடுப்புக்குப் பொருந்த வேண்டும். முழங்கால் மடிப்புக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். தொடை முழுவதும் இருக்கையில் படியும்படி கால் பலகை அமைய வேண்டும். மெத்தை கட்டாயம். அகலமான நாற்காலியில் ஒரு பக்கம் சாய்ந்தே உட்கார்ந்தால் புண் வரும், உங்களுக்கு அது எளிதில் ஆறாது. அரசு மருத்துவமனையின் உடலியக்கப் பிரிவில் அளவு எடுத்துத் தருவார்கள். மிஞ்சியிருக்கும் காலின் பாதத்தை இரவுதோறும் மனைவியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தீபாவளிக்கு எங்கள் இளைஞர் மன்றம் பத்து சக்கர நாற்காலிகளை அன்பளிப்பாகத் தரப்போகிறது. யாருக்குக் கொடுக்கலாம்?

தம்பி, முந்தைய பதிலைப் படியுங்கள். பத்துப் பேருக்கும் ஒரே இடுப்பா? மேடையில் படம் எடுத்த நாற்காலிகள் மறு வருடம் துணி காயப்போட நிற்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். அந்தப் பணத்தில் ஒரு வேனை மாதம் இரண்டு முறை வாடகைக்கு எடுங்கள், மருத்துவமனைக்குப் போக வண்டி இல்லாமல் பயிற்சியை விட்டவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய.

அட்டை எடுக்க எவ்வளவு கட்டணம்?

மேலே இருக்கிறது.

செம்பனை நாற்றங்கால் குத்தகை எடுத்திருக்கிறேன். கற்றல் குறைபாடுள்ள ஒரு பையனை வேலைக்கு வைக்கலாமா?

வையுங்கள். பையில் மண் நிரப்புவது அவனுக்கு ஒத்துவரும். "ஒழுங்காக நிரப்பு" என்றால் புரியாது. மண் எதுவரை வரவேண்டும் என்று ஒரு பையில் சிவப்புக் கோடு போட்டு அவன் முன்னால் வையுங்கள். முதல் சில வாரம் பொறுமையான ஓர் அக்காள் பக்கத்தில் நிற்கட்டும். கூலி, மற்றவர்களுக்குப் பைக்கு என்னவோ அதுவேதான். பாதிக் கூலி கொடுத்துவிட்டு "நான் வாழ்வு கொடுத்தேன்" என்று திருமண வீட்டில் பேசாதீர்கள்.

குழந்தை இப்படிப் பிறந்தது பூர்வ ஜென்ம வினையா?

என் துறை இல்லை.

கோயில் செயலாளர் எழுதுகிறேன். சக்கர நாற்காலியில் வரும் ஓர் இளைஞர் எங்கள் கோயிலுக்குச் சாய்தளம் கேட்கிறார். வாசலில் மூன்றே படிகள். நாங்களே பக்தியோடு தூக்கிக்கொண்டு போகிறோம். தெருவில் உருண்ட சக்கரம் மண்டபத்துக்குள் வருவது முறையா?

ஐயா, திருப்பணி நடந்தபோது கல்லும் மண்ணும் ஏற்றிய தள்ளுவண்டி மண்டபத்துக்குள் ஓடவில்லையா? அதற்குத் தீட்டு இல்லையென்றால் இதற்கும் இல்லை. வாசல் குழாயில் கால் கழுவுகிறோம், சக்கரத்தையும் கழுவித் துடைக்கலாம். அவரை யாராவது கேட்டீர்களா?

வேறொருவர்: பத்துமலையில் 272 படிகள். அங்கேயும் போய்ச் சாய்தளம் கேட்பீர்களோ?

அந்த மலையை நாம் கட்டவில்லை. இந்த மூன்று படிகளை நாம்தான் கட்டினோம், வாசல் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று.

நான்தான் அந்த நாற்காலிக்காரன். தூக்கும்போது வேட்டி விலகுகிறது. போன திருவிழாவில் தூக்கியவர்களில் இருவர் குடித்திருந்தார்கள். சாமியைக் கும்பிடுவதா, விழாமல் பிடித்துக்கொள்வதா?

செயலாளரும் தலைவரும் இதை இரண்டு முறை படிக்கட்டும்.

செயலாளர்: சட்டப்படி நாங்கள் செய்தே ஆகவேண்டுமா?

2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொது வசதிகளைப் பயன்படுத்தும் உரிமையைச் சொல்கிறது. ஆனால் மறுப்பவரைத் தண்டிக்கும் பிரிவு அதில் இல்லை. அதனால் உங்களை மிரட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. வாசல் ஊருடையது, ஊர்தான் திறக்க வேண்டும். மற்றொன்று, பிரசவம் ஆன பெண்ணும் மூட்டு தேய்ந்த பாட்டியும் அந்தச் சாய்தளத்தில்தான் நடப்பார்கள். அடுத்த பொதுக்கூட்டத்துக்குள் உங்களுக்கும் முழங்கால் வலிக்கலாம்.

என் அண்ணனுக்கு அட்டை...

மூன்றாவது முறை. அட்டைக் கேள்விகளுக்கு இனி பதில் இல்லை.

செயலாளர்: தலைவர் சம்மதித்துவிட்டார். ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டால் போதுமா? மடப்பள்ளிப் பக்கம் இடம் இருக்கிறது.

பலகை வேண்டாம். மடப்பள்ளிப் பக்கமும் வேண்டாம், எல்லாரும் நுழையும் வாசலிலேயே அவரும் நுழையட்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. படி ஒன்று 15 சென்டிமீட்டர் என்றால் மூன்றும் 45, சாய்தளம் 5.4 மீட்டர் நீள வேண்டும். நேராக இடம் போதாவிட்டால் நடுவில் சமதளம் விட்டுத் திருப்புங்கள். மேலும் கீழும் நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் சமதளம், இரு பக்கமும் கைப்பிடி. பளபளப்பான ஓடு பதிக்காதீர்கள், மழையில் வழுக்கும். ஈரச் சிமெண்டில் துடைப்பத்தால் கோடு இழுத்தாலே பிடிமானம் கிடைக்கும்.

ஞாயிறு மாலை அளவு நாடாவோடு வருகிறேன். அந்த இளைஞரையும் வரச் சொல்லுங்கள். அவருக்கு அந்த நேரம் தோதுப்படாவிட்டால் வேறு நாள் வைத்துக்கொள்வோம்.