ஆர்க்கிட் விதையைத் தொட்டியில் தூவினால் ஏன் முளைப்பதில்லை?

நீங்களே மகரந்தம் தொட்டு வைத்துக் காய் பிடித்தும், ஒரு விதைகூட முளைக்கவில்லை என்கிறீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை. காயைப் பிளந்தால் மாவு மாதிரி பறக்கிறதே, அவ்வளவும் விதைதான், ஒரே காயில் லட்சக்கணக்கில்கூட இருக்கும், ஆனால் மற்ற விதைகளைப்போல் முளைக்குத் தேவையான உணவைக் கட்டிக்கொண்டு வருவதில்லை. காட்டில் ஒரு பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் உண்டு. 1922-இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் சர்க்கரை கலந்த அகார் (கடற்பாசியில் எடுக்கும் பசை) கூழில் பூஞ்சையே இல்லாமல் முளைக்க வைத்துக் காட்டினார். இன்றும் அதே வழிதான், கிருமி நீக்கிய குடுவை. அப்புறம் பொறுமை: பெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகை பூக்கவே இரண்டு மூன்று வருடம் ஆகும். ஒரே காயின் பிள்ளைகளும் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பிடித்த பூ அச்சு அசலாக வேண்டுமென்றால் திசு வளர்ப்புதான், அதாவது செடியின் சிறு துண்டைக் குடுவையில் வளர்த்தெடுப்பது, அதிலும் சில சமயம் நிறம் மாறி ஏமாற்றும்.