ரன் தீவு, சாதிக்காய், எங்கட கோட்டை

வணக்கம் அண்ணை,
சாதிக்காய் பற்றி நீங்கள் எழுதினதை வாசிச்சனான். ரன் எண்ட குட்டித்தீவுக்காக ஒல்லாந்தர் நியூயோர்க்கையே குடுத்தவை எண்டு ஒரு வீடியோவில பாத்தன், அவ்வளவு மொக்கரோ அவை? அதோட அந்தத் தீவுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு?
சுன்னாகத்திலயிருந்து ஒரு வாசகன்

தம்பி,
மொக்கர் இல்லை. 1667 இல ஒல்லாந்தில பிரேடா எண்ட ஊரில எழுதின உடன்படிக்கையில அவரவர் பிடிச்சதை அவரவரே வச்சிருக்கிறது எண்டுதான் முடிவு, இப்ப நியூயோர்க் இருக்கிற மன்ஹாட்டனை இங்கிலாந்துக்காரர் 1664 இலயே பிடிச்சிட்டினம், ரன் ஒல்லாந்தரிட்ட இருந்தது. அந்த நேரம் உலகத்துச் சந்தைக்குச் சாதிக்காய் வந்தது பண்டா தீவுகளில இருந்து மட்டும்தான், ரன் அதில ஒண்டு. இந்தோனேசியாவில செராம் தீவுக்குத் தெற்கால பத்துப் பதினொரு சின்னத் தீவுகள், நடுக்கடலில குனுங் ஆப்பி எண்ட எரிமலை 600 மீற்றருக்கும் மேல நிக்குது, அந்தச் சாம்பல் மண்ணில, கனாரி மர நிழலில வளருற மரம். பழம் வெடிக்க உள்ள கறுப்புக் கொட்டை, அதைச் சுத்திச் சிவப்பு வலை மாதிரி வசவாசி. பிள்ளைக்கு வயித்துக்குத்து எண்டா அம்மம்மா கல்லில உரைச்சுக் குடுத்தது அந்தக் கொட்டைக்குள்ள இருக்கிற பருப்பைத்தான்.

ஆனா அந்த வீடியோக்காரர் 1621 ஐ விட்டிடுவினம், எனக்கு அதுதான் தாங்கேலாது. தங்களுக்கு மட்டுமே விக்கவேணும் எண்டு ஒல்லாந்தக் கொம்பனி கேட்டுது, பண்டாச் சனம் இங்கிலாந்துக்காரருக்கும் யாவாக்காரருக்கும் வித்துக்கொண்டுதான் இருந்தது. கூன் எண்ட தளபதி படையோட வந்து 44 ஊர்ப்பெரியவையை ஜப்பான் கூலிப்படையைக் கொண்டு வெட்டுவிச்சவன். 15,000 அளவில இருந்த சனத்தில ஆயிரம் பேர்தான் அங்க மிஞ்சினது எண்டு சொல்லுறவை, மிச்சப்பேர் வெட்டுப்பட்டும் பட்டினியிலயும் செத்து, கனபேர் அடிமையாக் கப்பலேறி, கொஞ்சப்பேர் வள்ளத்தில தப்பி ஓடி. பேந்து தோட்டத்தை 68 துண்டாப் பிரிச்சு வேற இடத்து அடிமையளைக் கொண்டுவந்து வேலை வாங்கினவை.

37 வருசம் கழிச்சு, 1658 இல, அதே கொம்பனிதான் பறங்கியரிட்ட இருந்து யாழ்ப்பாணத்தைப் பிடிச்சது. பண்டா நெய்ராத் தீவில 1611 இல கட்டின பெல்ஜிக்காக் கோட்டைக்கும் அஞ்சு முனை, யாழ்ப்பாணத்தில பண்ணைக் கடற்கரையில பேந்து அவை கட்டின கோட்டைக்கும் அஞ்சு முனை. நெடுந்தீவுக்கு டெல்வ்ற் எண்டு பேர் வச்சதும் அவைதான். இஞ்ச சாதிக்காய் இல்லை, அவைக்கு வேண்டியது யானையும் சாயவேரும்.

தொடர்பு எண்டு கேட்டா எனக்கு இன்னொண்டும் இருக்கு. 1995 இல சண்டைக்குப் பயந்து ஒரு ராவில யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலம் தாண்டின சனத்தில நானும் ஒருத்தன், அதாலயோ தெரியேல்லை, தப்பி ஓடின அந்த வள்ளங்களைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறன். அவை கேய் தீவுகளில கரையேறி பண்டா எலி எண்டு ஊருக்குப் பேர் வச்சவை. பண்டா மொழியை இப்பவும் பேசுறது அவையின்ர பேரப்பிள்ளையள்தான். பண்டாவில அதைப் பேச ஆளில்லை.