மானுக்கு எதற்கு இரண்டு குழல்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் இருக்கும் என் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் குளிர்காலம் தொடங்கியதும் இரட்டைக்குழல் ரைஃபிள் ஒன்றை எடுத்துக்கொண்டு வெண்வால் மான் வேட்டைக்குப் புறப்பட்டார். பழைய புகைப்படங்களில் யானை வேட்டைக்காரர்களின் கையில் பார்த்த துப்பாக்கி அது. மானுக்கு எதற்கு இரண்டு குழல்? சட்டம் அதை அனுமதிக்கிறதா?
– வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: நம் ஊரில் இரட்டைக்குழல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ரவைத் தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கிதான். நீங்கள் பார்த்தது அதுவன்று. ரைஃபிளின் குழலுக்குள் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். ஒற்றைக் குண்டு அதில் சுழன்று வெளியேறுவதால் திசை மாறாமல் செல்லும். அத்தகைய இரு குழல்களை அருகருகே பற்றவைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி விசையும் தனிப் பொறியும் அமைத்ததே இரட்டைக்குழல் ரைஃபிள். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், ரிக்பி முதலிய பிரிட்டிஷ் பட்டறைகள் ஆப்பிரிக்க, இந்தியக் காடுகளில் ஆபத்தான விலங்குகளை எதிர்கொள்வதற்கென்றே இவற்றைச் செய்தன. புதரைக் கிழித்துக்கொண்டு வரும் காட்டெருமைமேல் முதல் குண்டு சரியாகப் படவில்லையென்றால், அடுத்த தோட்டாவை உள்ளே தள்ள அவகாசம் இராது. விரல் முன்விசையிலிருந்து பின்விசைக்கு நகரும் நேரத்தில் இரண்டாவது குண்டு புறப்பட்டாக வேண்டும். ஒரு பொறி பழுதானாலும் மற்றது கைகொடுக்கும். ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டிடமும் .450/400 தோட்டா வகை இரட்டைக்குழல் ரைஃபிள் ஒன்று இருந்தது.

வெண்வால் மானிடம் இந்த அவசரத்துக்கு வேலையே இல்லை. ஆபத்தை உணர்ந்தால் அது வாலை நிமிர்த்தி, அடிப்புற வெண்மையைக் கொடிபோல் காட்டிவிட்டு மரங்களுக்கிடையே மறைந்துவிடும். ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில், மானுக்கு இரண்டு குழல் தேவையில்லை என்பதுதான். அந்தப் பெரியவர் தேவைக்காக அதை எடுத்துச் செல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. கைக்கு அடக்கமாகவும், தோளில் வைத்தவுடன் குறிக்கு நேராகவும் நிற்கும் பழைய பாணித் துப்பாக்கியின்மேல் அவருக்குப் பிரியம் இருக்கலாம். அதில் தவறில்லை. அங்குள்ள அடர்ந்த காடுகளில் நூறு மீட்டருக்குள்ளேயே மான் கண்ணில் படுவது சகஜம் என்பதால், தொலைநோக்கி பொருத்தாத துப்பாக்கியும் போதும்.

ஆனால் இந்தப் பிரியத்துக்கு ஒரு விலை உண்டு. அது பணத்தோடு முடிவதில்லை. வலக்குழல் வெடிக்கும்போது, குண்டு வெளியேறுவதற்கு முன்பே, துப்பாக்கி மேல்நோக்கியும் வலப்பக்கமாகவும் உதைத்து நகர்கிறது. இடக்குழல் வெடித்தால் மேல்நோக்கியும் இடப்பக்கமாகவும் நகரும். இதை ஈடுகட்டுவதற்காக இரு குழல்களையும் முனைப்பக்கம் சற்றே உள்நோக்கிச் சாய்த்துப் பற்றவைக்கிறார்கள். பட்டறைக்காரர் வலம், இடம் என்று மாறி மாறிச் சுட்டு, அட்டையில் விழுந்த துளைகளைப் பார்த்து, முனையில் உள்ள ஈயப்பற்றை இளக்கி, நடுவே செருகிய சிறு ஆப்பை மயிரிழை நகர்த்தி, ஆறவிட்டு மறுபடியும் சுடுவார். இரண்டு குழல்களின் குண்டுகளும் ஒரே இடத்தில் சேரும்வரை இது தொடரும். இவ்வளவும் ஒரே வகைத் தோட்டாவுக்காகச் செய்யப்படுவது. மானுக்கு இது போதுமென்று வேகம் குறைந்த தோட்டாவைப் போட்டால், குண்டு குழலுக்குள் கூடுதல் நேரம் இருப்பதால் உதைப்பும் அதைக் கூடுதலாக ஒதுக்கிவிடும். வலக்குழல் வலப்பக்கமாகவும் இடக்குழல் இடப்பக்கமாகவும் சிதறும். மானின் நெஞ்சுக்கூட்டில் குறிவைக்கத்தக்க பகுதி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அகலமே என்பதை நினைத்தால், இது சின்ன விஷயமில்லை. எனவே அந்தத் துப்பாக்கி எந்தத் தோட்டாவுக்குச் சரிசெய்யப்பட்டதோ அதையே வாங்கி, இரு குழல்களையும் அட்டையில் சோதித்துவிட்டுத்தான் காட்டுக்குப் போக வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, ஓஹியோவில் குழல்களின் எண்ணிக்கையைவிடத் தோட்டாவின் வடிவமே முக்கியம். நெடுங்காலம் அங்கே மான் வேட்டைக்கு ரைஃபிளே கூடாது என்றிருந்தது. 2014 முதல், கழுத்துக் குறுகாத, நேர்ச்சுவர் கொண்ட தோட்டாக்களைச் சுடும் ரைஃபிள்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அமெரிக்க இராணுவம் 1873இல் ஏற்றுக்கொண்ட .45-70 என்ற தோட்டா அந்த வகையைச் சேர்ந்தது. அதற்கேற்ற இரட்டைக்குழல் ரைஃபிள்களும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. யானைக்கென்று வந்த .470 தோட்டாவோ கழுத்துக் குறுகியது. ஆகவே உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருந்தது அதுவாக இராது.

கேள்வி: குண்டு பட்ட மான் ஓடிவிட்டால், இரண்டாவது குழல் அப்போதாவது உதவாதா?
– வாசகி ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: உதவலாம், கெடுக்கவும் செய்யலாம். குண்டு பட்ட மான் அதே இடத்தில் தடுமாறி நின்றால், உடனே இரண்டாவது குண்டைச் செலுத்தி அதன் வேதனையை முடிப்பதுதான் முறை; அந்த ஒரு நொடியில் மட்டுமே இரண்டாவது குழலுக்கு நான் மதிப்புக் கொடுப்பேன். மரங்களுக்கிடையே பாய்ந்தோடும் மானை நோக்கி, தோட்டா இருக்கிறதே என்பதற்காக விசையை அழுத்துகிறவர் காயத்தைத்தான் கூட்டுவார். ஓடிய மானை உடனே துரத்தவும் கூடாது. அது நின்ற இடத்துக்குப் போய் இலைச்சருகைப் பார்க்க வேண்டும். நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் இருந்தால் குண்டு நுரையீரலில் பட்டிருக்கிறது. மான் அதிக தூரம் போயிராது. கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரலாக இருக்கலாம். பச்சை நிறமும் சாண நாற்றமும் தென்பட்டால் குடலில் பட்டிருக்கிறது என்று பொருள். அப்போது பல மணி நேரம் காத்திருந்துதான் தடம் பார்க்கப் போவார்கள். அவசரப்பட்டு எழுப்பிவிட்டால் அது வெகுதூரம் ஓடி, யாருக்கும் கிடைக்காமல் எங்கோ கிடந்து சாகும்.

கேள்வி: இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின் மான் வேட்டை குற்றமாகிவிட்டது. அமெரிக்காவில் மட்டும் ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள்? அந்த இறைச்சியை விற்கலாமா?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: அங்கேயும் ஒரு காலத்தில் வரைமுறையின்றிச் சுட்டு, காட்டையும் அழித்தார்கள், 1904 வாக்கில் ஓஹியோவில் வெண்வால் மானே இல்லாமற்போனது. பிறகு வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டு, பாதுகாத்து, 1943இல் மூன்று மாவட்டங்களில் மட்டும் வேட்டைக்கு வழிவிட்டார்கள். இன்று அங்கே அவை பல இலட்சம். ஓநாயும் மலைச்சிங்கமும் இல்லாத காட்டில் அவற்றின் பெருக்கத்துக்கு வேட்டையே முக்கியமான கடிவாளம். நீண்ட குழல் துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி வசூலிக்கப்படும் 11 விழுக்காடு வரி, மாநிலங்களின் வனவிலங்குப் பணிகளுக்கே போகிறது. காட்டில் சுட்ட மானின் இறைச்சியை விற்பதற்கு அனுமதியில்லை; வீட்டில் சமைக்கலாம், அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கலாம்.