செருப்பு ஏன் அம்மாவின் கையில் இருக்கிறது?

கேள்வி: புதுக் காரில் பழனிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஓசூர் நெரிசலில் சடன் பிரேக் போட்டேன். அம்மா மடியில் வைத்திருந்த பஞ்சாமிர்த டப்பா திறந்து பின் சீட்டில் கொட்டிவிட்டது. துணி சீட். ஈரத்துணியால் எத்தனை தடவை துடைத்தும் பிசுபிசுப்பு போகவில்லை, எறும்பு வேறு. காரை நான் அவ்வளவு சுத்தமாக வைத்திருப்பவன் (அம்மாகூட இப்போதெல்லாம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார்). என்ன செய்யலாம்?
- வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு

பதில்: சீட்டுக்கு வழி இருக்கிறது தம்பி, கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த அடைப்புக்குறிக்கு வருவோம்.

பஞ்சாமிர்தம் கொட்டியது சீட்டில். செருப்பு என்ன பாவம் செய்தது? "இப்போதெல்லாம்" என்கிறீர்கள். அப்படியென்றால் முன்பு செருப்போடு ஏறியிருக்கிறார். கொட்டிய அன்று நீங்கள் கத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அத்திப்பள்ளி டோல் தாண்டியும் பேசாமல் வந்திருக்க வேண்டும். இரண்டாவதுதான் மோசம். கத்தினால் அம்மாவும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பார்.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மேல்தெருவைக் கடக்கச் சொன்ன ஊர்கள் நம் பக்கம் எத்தனையோ. அந்தக் கோலத்தில் பெற்றவளைக் கார் கதவருகே நிறுத்திவிட்டு, அதையே உங்கள் சுத்தத்துக்குச் சான்றிதழாக எனக்கு எழுதுகிறீர்கள்! டப்பாவை டிக்கியில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு அத்தனை தூரம் வந்தாரே, பழனியில் அவர் உங்கள் காருக்கும் சேர்த்துத்தான் வேண்டியிருப்பார். பிரேக் போட்டதும் நீங்கள்தான், ஞாபகம் இருக்கட்டும்.

சரி, சீட். பஞ்சாமிர்தத்தில் வெல்லம், தேனோடு நெய்யும் இருக்கிறது. இனிப்பு வெந்நீரில் கரைந்துவிடும், நெய் கரையாது. அதனால்தான் வெறும் ஈரத்துணி போதவில்லை. காய்ந்து ஒட்டியிருப்பதைப் பழைய ஏடிஎம் கார்டால் மெதுவாகச் சுரண்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கறைமேல் சில நிமிடம் அழுத்தி வையுங்கள். அப்புறம் ஒரு கிண்ணம் வெந்நீரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் சில சொட்டு விட்டு, துணியில் தொட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் கறை பரவும். சோப்பு தங்கினால் அதுவே மறுபடி அழுக்கைப் பிடிக்கும்; நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று தடவை ஒற்றுங்கள். மக்கில் மொண்டு ஊற்றிவிடாதீர்கள். உள்ளே ஸ்பாஞ்ச் நனைந்தால் பெங்களூர் மழைக்காலத்தில் லேசில் காயாது, நாற்றம் எடுக்கும். கதவைத் திறந்து வைத்து ஃபேன் போடுங்கள். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் வேண்டாம், பிளாஸ்டிக்கை அரித்துவிடும். சீட் பெல்ட் பக்கிளுக்குள் பாகு இறங்கியிருந்தால் நோண்டாமல் சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள். அது அம்மா போடும் பெல்ட்.

இதையெல்லாம் நீங்களே செய்யுங்கள். அம்மா உதவிக்கு வந்து துணியை எடுத்தால் வாங்கி வைத்துவிடுங்கள். சீட் காய்ந்ததும் அவரை முன் சீட்டில் உட்கார வைத்து அல்சூர் முருகன் கோயிலுக்குப் போய் வாருங்கள். "செருப்பைப் போட்டுக்கிட்டே ஏறும்மா" என்று நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும், அவராகப் போட மாட்டார். திரும்பும்போது பிரசாதம் அவர் மடியிலேயே இருக்கட்டும். வண்டியை எடுக்கும் முன் மூடியை மட்டும் நீங்கள் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.